வாசகர் கேள்வி–பதில்: கடைசி நாளில் கீழே போகாதவர்கள்

இங்கிலாந்தின் கால்பந்துப் பருவம் மே மாதத்தில் முடியும்போது பட்டம் யாருக்கு என்ற கேள்வியைவிடத் தரமிறக்கம் (அடியில் முடிக்கும் அணிகள் கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படுவது) யாருக்கு என்ற கேள்விதான் பலரையும் உறங்கவிடுவதில்லை. அது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டுமே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

2022 மே மாதம் எவர்டன், கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தை நள்ளிரவு தாண்டி நண்பர்களோடு பார்த்தேன். இடைவேளையில் 0-2 என்று பின்தங்கியிருந்த எவர்டன் 3-2 என்று வென்றபோது பக்கத்து வீட்டார் எழுந்து வந்து கேட்கும் அளவுக்குக் கத்திவிட்டோம். இதைவிடப் பெரிய ஆட்டம் 1994-இல் விம்பிள்டனுக்கு எதிராக நடந்தது என்று மூத்த நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அவர் சொல்வது சரிதானா?
— வாசகர், வியாசர்பாடி, சென்னை

உங்கள் நண்பர் சொல்வது சரி. 2022 மே 19 அன்று எவர்டன் தோற்றிருந்தாலும் ஆர்சனலுக்கு எதிராக இன்னும் ஓர் ஆட்டம் கையில் இருந்தது. 1994 மே 7, சனிக்கிழமையன்று அப்படி எதுவும் மிச்சமில்லை. அன்று காலை எவர்டன் 41 புள்ளிகளோடு கீழே இறங்கும் மூன்று இடங்களுள் ஒன்றில் நின்றது. 1954 முதல் தொடர்ந்து முதல் டிவிஷனில் ஆடிவந்ததும், ஒன்பது முறை லீக் பட்டம் வென்றதும், கடைசியாக 1987-இல், அதாவது வெறும் ஏழு ஆண்டுகளுக்கு முன்புதான், சாம்பியனாக இருந்ததுமான ஒரு கிளப் அது. எதிரே வந்த விம்பிள்டனோ பட்டியலில் ஆறாம் இடத்தில் முடிக்கவிருந்த, இழப்பதற்கு ஒன்றும் இல்லாத அணி. இழப்பதற்கு ஒன்றுமில்லாத அணி தளர்வாக ஆடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். விம்பிள்டன் அப்படிப்பட்ட அணி அல்ல. முந்தைய இரவு அவர்கள் தங்கியிருந்த இடத்தில் அவர்களுடைய பேருந்துக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர்கள் விட்டுக்கொடுக்கும் மனநிலையில் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

எவர்டனின் மைதானமான குடிசன் பார்க் அன்று முழுமையாக இல்லை. பார்க் எண்ட் எனப்படும் கோல் பின்புறத்துப் பழைய கேலரியை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகவே மூன்று பக்கம் ஜனம், நான்காம் பக்கம் வெட்டவெளி. அந்த வெட்டவெளிக்கு அப்பால் இருக்கும் ஸ்டான்லி பூங்காவின் மரங்களில் ஏறி உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்களைப் பற்றி அன்று உள்ளே இருந்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். மைதானத்துக்குள் 31 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கி நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு கார்னர் பந்து பெனால்டி பகுதிக்குள் வந்தபோது, எவர்டனின் ஸ்வீடன் நாட்டு வீரர் ஆண்டர்ஸ் லிம்பார் எந்த அவசியமும் இல்லாமல் கையை உயர்த்திப் பந்தைத் தொட்டார். விம்பிள்டனின் டீன் ஹோல்ட்ஸ்வொர்த் அடித்த பெனால்டியில் எவர்டன் கோல்கீப்பர் நெவில் சவுத்தாலின் கை பட்டும் பந்து உள்ளே போய்விட்டது. இருபதாம் நிமிடத்தில் எவர்டனின் தடுப்பாட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே குழம்பியதில், கேரி ஏப்லெட்டின் காலில் பட்ட பந்து சேம்சைடு கோலாக முடிந்தது. 0-2. அந்த நேரத்தில் மைதானத்தில் இருந்தவர்கள் நினைவுகூரும்போது, வசைச் சத்தத்தைவிட அந்தச் சில நிமிட அமைதியைத்தான் அதிகம் குறிப்பிடுகிறார்கள்.

நான்கு நிமிடம் கழித்து, கையால் கெடுத்த அதே லிம்பார் பெனால்டி பகுதிக்குள் விழுந்தார். அவரை யாரும் தள்ளவில்லை, தானாகவே விழுந்தார் என்பது நடுநிலையாளர் பலரின் தீர்ப்பு. எவர்டன்காரர்களிலும் மனம் திறந்து பேசுபவர்கள் அதை மறுப்பதில்லை. கிரஹாம் ஸ்டூவர்ட் பெனால்டியை கோலாக்கினார். முப்பத்தோராயிரம் பேரும், அணியின் நாற்பதாண்டுக் கால வரலாறும் பார்த்துக்கொண்டிருக்க, 0-2 என்ற நிலையில் அந்தப் பந்தை எடுத்து வைத்து அடித்ததைத்தான் அன்றைய நாளின் மிகத் துணிச்சலான செயலாக நான் கருதுகிறேன். அடுத்து வந்த கோல் பேரழகானது என்பதால் இதற்குரிய பெருமை இதற்குக் கிடைக்காமலே போயிற்று.

அந்த அடுத்த கோல் 67-ஆம் நிமிடத்தில் வந்தது. எவர்டனின் பேரி ஹார்ன் நடுக்களத்தில் ஓடி உழைப்பவர், பந்தைப் பறிப்பவர். கோல் அடிப்பதற்குப் பெயர்பெற்றவர் அல்லர். வேதியியலில் பட்டம் பெற்று, ஓய்வுக்குப் பின் பள்ளியில் வேதியியல் கற்பித்தவர் என்றால் அவருடைய சுபாவம் ஓரளவு புரியும். துள்ளிக்கொண்டிருந்த பந்தைத் தட்டித் தட்டி முன்னே கொண்டுவந்தவர், கோல் கம்பத்துக்கு இன்னும் முப்பது கெஜத்துக்குக் குறையாத தூரம் இருக்கும்போதே வலது காலால் ஓங்கி அடித்தார். கோல்கீப்பர் ஹான்ஸ் செகர்ஸ் முழு நீளத்துக்குப் பாய்ந்தும் பயனில்லாமல் பந்து மேல் மூலையில் போய் விழுந்தது. 2-2.

ஆனால் 2-2 போதாது. 81-ஆம் நிமிடத்தில் ஸ்டூவர்ட், டோனி காட்டியோடு பந்தை மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்து அடித்தார். அடித்தார் என்பதுகூட மரியாதைக்காகச் சொல்வது. பந்து தரையில் உருண்டு, ஒருமுறை துள்ளி, செகர்ஸின் கையைக் கடந்து மெதுவாக உள்ளே போனது. எஞ்சிய நிமிடங்களில் விம்பிள்டன் தூக்கிப் போட்ட ஒவ்வொரு பந்தும் எவர்டன்காரர்களுக்கு ஒரு யுகமாக இருந்திருக்க வேண்டும். விசில் ஊதியதும் மூன்று பக்கத்துக் கூட்டமும் மைதானத்துக்குள் இறங்கியது.

அதே நாளில் செல்சிக்காக மார்க் ஸ்டெய்ன் கடைசி நிமிடத்தில் அடித்த கோல்தான் உண்மையில் எவர்டனைக் காப்பாற்றியது என்று என் அண்ணன் சொல்கிறார். அப்படியானால் குடிசன் பார்க்கில் நடந்ததற்கு இத்தனை புகழ் எதற்கு?
— வாசகி, திருச்சி

உங்கள் அண்ணன் மட்டுமல்ல, வேறு பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்தப் பருவத்தில் 22 அணிகள், மூன்று அணிகள் கீழே போக வேண்டும். ஸ்விண்டன் ஏற்கெனவே போய்விட்டது. கடைசி நாள் காலையில் ஷெஃபீல்டு யுனைடெட், இப்ஸ்விச், சவுத்தாம்டன் மூன்றும் ஆளுக்கு 42 புள்ளிகளோடு நின்றன, எவர்டனுக்கு 41, ஓல்டமுக்கு 39.

மாலையில் இப்ஸ்விச் பிளாக்பர்னில் 0-0, சவுத்தாம்டன் வெஸ்ட் ஹாமில் 3-3, ஓல்டம் நார்விச்சில் 1-1 என்று முடித்தன. ஆகவே இப்ஸ்விச்சும் சவுத்தாம்டனும் 43-இல் நின்றன, வென்ற எவர்டன் 44-க்குப் போய்விட்டது. ஷெஃபீல்டு யுனைடெட் செல்சியின் மைதானத்தில் இரண்டு முறை முன்னிலை பெற்று, இரண்டு முறையும் அதை இழந்து 2-2 என்று நின்றது. அந்த நிலையிலேயே முடிந்திருந்தால் அவர்களும் 43. புள்ளி சமமானால் பார்க்கப்படும் கோல் வித்தியாசத்தில் (அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வேறுபாடு) இப்ஸ்விச் அவர்களைவிட மோசம். எனவே கீழே போயிருக்க வேண்டியது இப்ஸ்விச். தொண்ணூறாவது நிமிடத்தில் ஸ்டெய்ன் அடித்தார், 3-2. ஷெஃபீல்டு யுனைடெட் 42-லேயே நின்று கீழே போனது. ஸ்டெய்ன் காப்பாற்றியது இப்ஸ்விச்சை.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எவர்டன் 2-2 என்று டிரா செய்திருந்தால் அவர்களும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் 42-இல் சமமாக நின்றிருப்பார்கள்; அப்போதும் கோல் வித்தியாசத்தில் எவர்டன்தான் கீழே போயிருக்கும். ஸ்டெய்ன் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் ஸ்டூவர்ட்டின் அந்த உருண்ட பந்து உள்ளே போயே தீர வேண்டியிருந்தது.

உங்கள் அண்ணன் ஏன் அப்படி நினைக்கிறார் என்பதும் விளங்காமல் இல்லை. அக்காலத்தில் கையில் தொலைபேசி கிடையாது. கேலரியில் பத்துப் பேருக்கு ஒருவர் காதில் டிரான்சிஸ்டரை வைத்திருப்பார். அவர் முகம் மாறினால் சுற்றியிருப்பவர்களின் முகமும் மாறும். வேறு மைதானத்து கோல் பற்றிய செய்தி வரிசை வரிசையாகத் தாவிப் போகும்போது பாதி திரிந்துவிடும். கண்ணெதிரே ஓர் ஆட்டமும் காதில் மூன்று ஆட்டமுமாகப் பார்த்தவர்களின் நினைவில் எந்த கோல் யாரைக் காப்பாற்றியது என்பது கலந்துபோனதில் வியப்பில்லை.

அன்று ஓல்டமோடு கீழே இறங்கிய மேலாளர் ஜோ ராயல், அதே ஆண்டு நவம்பரில் எவர்டனின் மேலாளரானார். 1995 மே மாதம் அவருடைய எவர்டன் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. ஓல்டம் அதன் பிறகு முதல் டிவிஷனுக்குத் திரும்பவே இல்லை. 2022-இல் நான்கு டிவிஷன்களையும் கடந்து கீழே விழுந்தபோது, பிரீமியர் லீக்கில், அதாவது இன்றைய முதல் டிவிஷனில், ஆடிய கிளப்புகளில் கால்பந்து லீக்கை விட்டே வெளியேறிய முதல் கிளப் என்று ஆயிற்று.

கடைசி நாள் ஆட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்குவது ஏன்? தொலைக்காட்சியில் ஒன்றைத்தானே பார்க்க முடிகிறது?
— வாசகர், ஈரோடு

மற்றவர் முடிவைத் தெரிந்துகொண்டு ஆடக்கூடாது என்பதற்காக. உலகக் கோப்பையில் 1982-இல் ஸ்பெயினின் கிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்ற முடிவு இருவருக்கும் போதும் என்று முன்பே தெரிந்து, முதல் பத்து நிமிடத்தில் விழுந்த ஒரே கோலுக்குப் பிறகு பந்தைச் சும்மா தட்டிக்கொண்டிருந்ததால் அல்ஜீரியா வெளியேறியது. அதற்குப் பிறகே அங்கே விதி மாறியது.

ஆனால் தரமிறக்க உலகில் இதைவிடச் சுவையான முன்னுதாரணம் 1977 மே 19 அன்று கவென்ட்ரியில் நடந்தது. கவென்ட்ரி தன் மைதானத்தில் பிரிஸ்டல் சிட்டியோடும், சண்டர்லாந்து எவர்டனோடும் ஒரே நேரத்தில் ஆட வேண்டும். கவென்ட்ரி, பிரிஸ்டல் சிட்டி, சண்டர்லாந்து மூன்றில் ஒன்று கீழே போகும். வெளியே கூட்டம் திரண்டிருக்கிறது என்று சொல்லிக் கவென்ட்ரியின் ஆட்டத்தைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கினார்கள். டாமி ஹட்சிசனின் இரண்டு கோல்களால் 2-0 என்று முன்னிலை பெற்ற கவென்ட்ரியை பிரிஸ்டல் சிட்டி 2-2 என்று பிடித்துவிட்டது. அப்போது எவர்டனிடம் சண்டர்லாந்து 0-2 என்று தோற்றுவிட்ட செய்தி வந்தது. கவென்ட்ரியின் தலைமை நிர்வாகி ஜிம்மி ஹில் அந்த முடிவை மைதானத்துப் பலகையில் போடச் செய்தார். 2-2 என்றே முடிந்தால் இரு அணியும் தப்பும் என்பது அந்த நொடியில் இருபத்திரண்டு பேருக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு பந்து பின்களத்திலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது. யாரும் யாரையும் நெருங்கவில்லை. சண்டர்லாந்து கீழே போனது. முப்பத்தோரு ஆண்டுகள் கழித்து, 2008-இல், லண்டனில் ஃபுல்லம் மைதானத்துக்கு வந்திருந்த ஹில்லைப் பார்த்துச் சண்டர்லாந்து ரசிகர்கள் கூச்சலிட்டார்கள் என்றால் அந்தக் கோபத்தின் ஆயுளை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

மான்செஸ்டர் சிட்டி ஒருமுறை, வெல்ல வேண்டிய ஆட்டத்தில் வேண்டுமென்றே நேரத்தைக் கடத்திக் கீழே இறங்கியது என்று இங்கே உடன் வேலை செய்பவர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். கதையா, உண்மையா?
— வாசகர், லண்டன்

உண்மை. 1996 மே 5, மெய்ன் ரோடு மைதானம், எதிரணி லிவர்பூல். சிட்டி, கவென்ட்ரி, சவுத்தாம்டன் மூன்றும் ஒரே புள்ளியில் நின்றன. கோல் வித்தியாசத்தில் பின்தங்கியிருந்தது சிட்டி. லிவர்பூல் 2-0 என்று முந்தியது. அதில் முதலாவது சிட்டியின் ஸ்டீவ் லோமஸ் தன் வலைக்குள்ளேயே திருப்பியது. பிறகு உவே ரோஸ்லரின் பெனால்டி, கிட் சைமன்ஸின் கோல் என்று சிட்டி 2-2 என்று மீண்டது. இன்னும் நேரம் இருந்தது. அந்தக் கட்டத்தில், போட்டி அணிகளில் ஒன்று பின்தங்கியிருக்கிறது, டிராவே போதும் என்ற செய்தி எங்கிருந்தோ பெஞ்சுக்கு வந்து சேர்ந்தது. மேலாளர் ஆலன் பால் பந்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி சொல்ல, லோமஸ் அதைக் கார்னர் கொடியருகே கொண்டுபோய் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார்.

செய்தி பொய். கவென்ட்ரியும் சவுத்தாம்டனும் தத்தம் ஆட்டங்களில் 0-0 என்று ஆடிக்கொண்டிருந்தன. ஏற்கெனவே மாற்றப்பட்டு வெளியே போயிருந்த நையல் க்வின் உள்ளே சரியான நிலவரத்தைத் தெரிந்துகொண்டு, எல்லைக் கோட்டோரம் ஓடிவந்து, முன்னே போங்கள், இன்னொரு கோல் வேண்டும் என்று கத்தினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மூன்று அணியும் 38 புள்ளியில் முடித்தன, சிட்டி கீழே போனது.

இதில் லோமஸைப் பரிகசிப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம். சொன்னதைச் செய்த ஆட்டக்காரர் அவர். மேலாளர் குழுவில் ஒருவர் நம்பகமான ஒரு வானொலியைக் கையில் வைத்திருந்தால் போதுமாயிருந்தது.

கோல்கீப்பர் கோல் அடித்து அணியைக் காப்பாற்றியது உண்டா?
— வாசகர், புதுச்சேரி

உண்டு, அதுவும் கடன் வாங்கிய கோல்கீப்பர். கார்லைல் யுனைடெட் நான்காம் டிவிஷனின் அடியில் கிடந்தது. அங்கிருந்து விழுந்தால் கால்பந்து லீக்கிலேயே இடமில்லை. பருவத்தின் கடைசிக் கட்டத்தில் கோல்கீப்பர் இல்லாமல் போனதால், ஆள் சேர்க்கும் கெடு முடிந்த பிறகு தனி அனுமதி பெற்று ஸ்விண்டனிலிருந்து ஜிம்மி கிளாஸை இரவல் வாங்கியிருந்தார்கள். 1999 மே 8 அன்று பிளிமத் ஆர்கைலுடன் 1-1. ஸ்கார்பரோவின் ஆட்டம் டிராவில் முடிந்து, தாங்கள் தப்பிவிட்டதாக அந்த ஊர்க்காரர்கள் மைதானத்தில் இறங்கிக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். கார்லைலுக்கோ இஞ்சுரி டைமில் சில நொடிகளும் ஒரு கார்னரும் மட்டும் மிச்சம். கிளாஸ் தன் வலையைக் காலியாக விட்டுவிட்டு மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடி வந்தார். சக வீரர் ஒருவர் தலையால் முட்டிய பந்தை பிளிமத் கோல்கீப்பர் தட்டிவிட, அது கிளாஸின் காலுக்கே வந்தது; வலது காலால் உள்ளே அடித்தார். கார்லைல் தப்பியது, ஸ்கார்பரோ லீக்கை விட்டுப் போனது. கார்லைலுக்காக கிளாஸ் ஆடியது மூன்றே ஆட்டங்கள்.

கீழே விழாமல் தப்பியதைக் கோப்பை வென்றதுபோல் மைதானத்தில் இறங்கிக் கொண்டாடுவது எனக்கு அசிங்கமாகப் படுகிறது. பதினேழாம் இடத்தைப் பிடித்ததற்கு விழாவா?
— வாசகி, மதுரை

உங்கள் கருத்தோடு பாதி ஒத்துப்போகிறேன். நீங்கள் சொல்வதையே எவர்டன் ரசிகர்களும் ஒருமுறை செய்துகாட்டினார்கள். 1998 மே 10 அன்று, மறுபடியும் கடைசி நாள், எதிரணி கவென்ட்ரி. கேரத் ஃபேரலி ஆரம்பத்திலேயே கோல் அடித்தார். கடைசிப் பகுதியில் நிக் பார்ம்பி பெனால்டியை வீணாக்கினார். 89-ஆம் நிமிடத்தில் டியன் டப்ளின் சமன் செய்தார். 1-1. செல்சியில் போல்டன் 0-2 என்று தோற்றதால் மட்டுமே, இருவரும் 40 புள்ளிகளில் நிற்க, கோல் வித்தியாசத்தில் எவர்டன் தப்பியது. கூட்டம் மைதானத்தில் இறங்கியது, ஆனால் பாதிப் பேர் தலைவர் பீட்டர் ஜான்சன் பதவி விலக வேண்டும் என்று முழங்கினார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் மகிழ்ச்சியில் இறங்கிய அதே புல்தரையில் இம்முறை கோபத்தோடு நின்றார்கள்.

போல்டன்காரர்களின் வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே பருவத்தில், 1997 செப்டம்பர் 1 அன்று, அவர்களுடைய புதிய மைதானத்தில் நடந்த முதல் லீக் ஆட்டத்தில் ஜெரி டாகர்ட் தலையால் முட்டிய பந்து கோட்டைத் தாண்டியது, நடுவர் கோல் தரவில்லை, ஆட்டம் 0-0. எதிரணி எவர்டன்தான். மே மாதத்தில் கண்ணீர் விட்டவர்கள் செப்டம்பரைத்தான் நினைத்துக்கொண்டார்கள்.

மறுபாதியில் உங்களோடு மாறுபடுகிறேன். பதினேழாம் இடத்துக்காக யாரும் விழா எடுப்பதில்லை. மூன்று மணி நேரமாகத் தொண்டையில் நின்ற பயம் இறங்கியதும் கால் தானாகவே மைதானத்தை நோக்கிப் போகிறது, அவ்வளவுதான். தவிர, தரமிறக்கம் என்றால் வருமானம் சரிந்து, நல்ல ஆட்டக்காரர்கள் விற்கப்பட்டு, கிளப்பில் வேலை பார்க்கும் சாதாரண ஊழியர்களுக்கும் வேலை போவது என்று அர்த்தம். ரசிகர்களுக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். எதிராளியை அடிக்கப் போவதும், தீ வைப்பதும் வேறு கணக்கு. அவற்றுக்கு நான் சாக்குச் சொல்லமாட்டேன்.

கொண்டாட்டத்தில் எனக்குப் பிடித்தது 2005 மே 15-இல் நடந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைசி இடத்தில் இருந்ததும், இறுதி நாள் காலையிலும் கடைசி இடத்தில் இருந்ததுமான வெஸ்ட் பிராம் அணி போர்ட்ஸ்மத்தை 2-0 என்று வென்றது; நார்விச், சவுத்தாம்டன், கிரிஸ்டல் பேலஸ் மூன்றும் வெல்லத் தவறியதால் 34 புள்ளிகளோடு தப்பியது. அன்று தோற்ற போர்ட்ஸ்மத்தின் ரசிகர்களும் வெஸ்ட் பிராமின் கோல்களுக்குக் கைதட்டினார்கள். காரணம், அவர்களுடைய பரம வைரியான சவுத்தாம்டன் கீழே போகிறது!

அர்ஜென்டினாவில் ரிவர் பிளேட் கீழே போனதற்கும் இங்கிலாந்து முறைக்கும் என்ன வேறுபாடு?
— வாசகர், கோயம்புத்தூர்

அங்கே ஒரு பருவத்துப் புள்ளிகளைப் பார்க்காமல், மூன்று பருவங்களின் சராசரியைப் பார்த்தார்கள். 1983 முதல் இருந்த இந்த முறை, பெரிய கிளப்புகளை ஒரு மோசமான ஆண்டிலிருந்து பாதுகாக்கும் குடை என்றே பலரும் கருதினார்கள். மூன்று ஆண்டு மோசமாக ஆடினால் அந்தக் குடையும் உதவாது என்பதை ரிவர் பிளேட் 2011-இல் கண்டது. முதல் டிவிஷனில் யார் ஆடுவது என்பதைத் தீர்மானிக்க, இரண்டாம் டிவிஷனின் பெல்கிரானோ அணியோடு இரண்டு ஆட்டங்கள். கோர்டபாவில் நடந்த முதலாவதில் 0-2. ஜூன் 26 அன்று தன் சொந்த மைதானத்தில் மரியானோ பவோனே விரைவிலேயே கோல் அடித்து நம்பிக்கை தந்தார். பெல்கிரானோ சமன் செய்தது. பிறகு கிடைத்த பெனால்டியை அதே பவோனே அடிக்க, கோல்கீப்பர் ஓலாவே தடுத்துவிட்டார். 110 ஆண்டு வரலாற்றில் முதல் தரமிறக்கம். கேலரியில் கலவரம் மூண்டு, ஆட்டம் முழு நேரம் முடியும் முன்பே நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே ரிவர் பிளேட் திரும்பி வந்துவிட்டது.

நம் நாட்டில் இப்படி நெஞ்சு படபடக்கும் கடைசி நாள் ஏன் இல்லை?
— வாசகர், நாகர்கோவில்

2014-இல் தொடங்கிய ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டி, கிளப்புகள் பணம் கட்டி இடம் பெறும் முறையில் அமைந்தது. அதன் முதல் பத்துப் பருவங்களில் எந்தக் கிளப்பும் கீழே இறக்கப்படவில்லை. மேலே ஏறும் வழியும் நெடுங்காலம் அடைபட்டே இருந்தது. 2018-19 பருவத்தில் ஐ-லீக் என்ற இன்னொரு தேசியப் போட்டியை வென்ற சென்னை சிட்டி அணிக்கு அந்த வெற்றியால் மேலே இடம் கிடைக்கவில்லை. 2022-23-இல் வென்ற பஞ்சாப் அணிதான் வென்றதன் பலனாக முதலில் மேலேறியது. கீழே விழும் அச்சம் இல்லாத லீக்கில் மார்ச் மாதத்துக்குப் பிறகு அடிமட்ட அணிகளின் ஆட்டத்தைப் பார்க்க ஆள் வராது. அதை யாரும் ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டியதில்லை.

கடைசி நாளில் வென்றும் கீழே போன அணி உண்டா?
— வாசகர், வேலூர்

பல உண்டு. 2016-இல் சாம்பியனான லெஸ்டர், 2023 மே 28 அன்று வெஸ்ட் ஹாமை 2-1 என்று வென்றது. அதே மாலையில் எவர்டனின் அப்துலாயே தூகூரே போர்ன்மத்துக்கு எதிராக அடித்த ஒரே கோலால் அந்த வெற்றி வீணானது. 2018-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க், பொருசியா மோன்ஷன்கிளாட்பாக்கை 2-1 என்று வென்றும், வோல்ஃப்ஸ்பர்க்கும் வென்றுவிட்டதால், தன் வரலாற்றில் முதன்முறையாகக் கீழே போனது.

இவற்றையெல்லாம் மிஞ்சியது 1998 மே 3 அன்று ஸ்டோக் நகரில் நடந்தது. லோமஸின் கார்னர் கொடிக்கு இரண்டே ஆண்டு கழித்து, இரண்டாம் டிவிஷனிலும் அடிக்கு வந்துவிட்ட மான்செஸ்டர் சிட்டி, ஸ்டோக்கை அதன் மைதானத்திலேயே 5-2 என்று வென்றது. மற்ற மைதானங்களின் முடிவுகள் வந்தபோது, ஐந்து கோல் அடித்த அணியும் ஐந்து கோல் வாங்கிய அணியும் சேர்ந்தே மூன்றாம் டிவிஷனுக்குப் போயின.